ஐரிஷ் குத்தகைப் பத்திரம் தேட எந்தக் கதவை முதலில் தட்டுவது?

என்னோடு வேலை செய்யும் ஒருவர் ரோஸ்காமன் கவுண்டிக்காரர். தாத்தாவுக்குத் தாத்தா உழுத நிலத்தின் குத்தகைப் பத்திரத்தை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மூன்று நாள் லீவு போட்டுவிட்டு டப்ளினில் ஹென்ரியட்டா தெருவில் இருக்கும் ரிஜிஸ்ட்ரி ஆஃப் டீட்ஸுக்கு, அதாவது பத்திரப் பதிவகத்துக்கு, கிளம்பியவர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பழைய கையெழுத்து படிப்பது எனக்கு ஒரு கிறுக்கு, அது அவருக்குத் தெரியும். இரண்டரை நாள் இரண்டு பேரும் கண்ணெரிய உட்கார்ந்து பார்த்தோம். அவருடைய குடும்பப் பெயரில் ஆட்கள் வரிசையாக வந்தார்கள், ஒருவர்கூட நாங்கள் தேடிய ஆள் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம், சரி இனி எதற்கு என்று கில்டேர் தெருவில் இருக்கும் தேசிய நூலகத்துக்குப் போய் ஒரு எஸ்டேட்டின், அதாவது ஒரு நிலப்பிரபுவின் பெருநிலத்தின், வாடகைப் பேரேட்டைக் கேட்டு வாங்கினோம். நாற்பது நிமிஷத்தில் ஆள் கிடைத்துவிட்டார்.

தப்பு பதிவகத்தின் மேல் இல்லை, எங்கள் மேல்தான். நாங்கள் தேடிப் போன வரிசை தப்பு. ஐரிஷ் எஸ்டேட் பத்திரங்களைத் தேட நாலைந்து வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்களுக்காக உண்டானவை. எது பிரபலம் என்று பார்த்துப் போகாதீர்கள். உங்கள் ஆள் யாருக்கு வாடகை கொடுத்தார் என்று பார்த்துவிட்டுப் போங்கள். நான் சொல்ல வருவது அவ்வளவுதான், மீதியெல்லாம் விளக்கம்.

முதலில் பதிவகம், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். அயர்லாந்து நாடாளுமன்றம் 1707இல் போட்ட சட்டப்படி 1708இல் திறந்தது. ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு விற்கும் மோசடியைத் தடுப்பது வெளியே சொன்ன காரணம். கத்தோலிக்கர்கள் கையில் நிலம் திரும்பிப் போய்விடாமல் கண்காணிப்பதும் உள்ளே இருந்தது. 1704ஆம் வருஷச் சட்டப்படி கத்தோலிக்கர் நிலம் வாங்கக் கூடாது, 31 வருஷத்துக்கு மேல் குத்தகையும் எடுக்கக் கூடாது. 1778இல்தான் 999 வருஷம் வரை குத்தகை எடுக்கலாம் என்று தளர்த்தினார்கள், 1782இல் சொந்தமாக வாங்கவும் விட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் உங்கள் ஆள் கத்தோலிக்கர் என்றால் பதிவகத்தில் அவர் பெயரில் பெரிய பத்திரம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

பதிவு செய்வது கட்டாயமும் இல்லை. செய்திருந்தால் செய்யாத பத்திரத்தைவிட முன்னுரிமை கிடைக்கும், அவ்வளவுதான். 21 வருஷத்துக்கு மேல் போகாத சாதாரணக் குத்தகைக்கு அதுவும் தேவைப்படவில்லை. பதிவுக்குச் செலவு வேறு. ஆக, நாலு ஏக்கர் உருளைக்கிழங்கு போட்ட குடியானவர் வண்டி கட்டி டப்ளின் வந்து பத்திரம் பதிந்திருப்பார் என்று நினைப்பது நம் ஆசை, நடந்தது அது இல்லை. வந்தவர்கள் வியாபாரிகள், வக்கீல்கள், பெரிய விவசாயிகள், பிரபுவிடம் மொத்தமாகக் குத்தகை எடுத்துச் சின்னவர்களுக்கு உள்குத்தகை விட்ட இடைத்தரகர்கள், அப்புறம் நிலப்பிரபுக்கள். கல்யாண ஏற்பாட்டுப் பத்திரம், அடமானம், சில உயில்கள்கூட அங்கே உண்டு.

அங்கே இருப்பது அசல் பத்திரமும் இல்லை. அசலைப் பதிந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பத்திரத்தின் சாரத்தை எழுதி, சம்பந்தப்பட்டவர்களில் ஒருவர் கையெழுத்துப் போட்டு, சாட்சி ஒருவர் சத்தியம் பண்ணிக் கொடுக்கும் ஒரு தாள் மட்டும் தங்கும். அதற்கு மெமோரியல் என்று பெயர். அதைப் பெரிய பெரிய புத்தகங்களில் நகல் எடுத்து வைத்தார்கள். அலமாரியிலிருந்து ஒன்றை இறக்கி மேஜையில் போட்டால் கல்லறைக் கல்லைப் போட்ட மாதிரிச் சத்தம் வரும். தேதி, ஆட்களின் பெயர், ஊர், தொழில், நிலத்தின் பெயர், சாட்சிகள் எல்லாம் இருக்கும். வாடகை எவ்வளவு என்பது பல மெமோரியல்களில் இருக்காது, ‘பத்திரத்தில் கண்ட வாடகைக்கு’ என்று முடித்துவிடுவார்கள். அசல் எங்கோ போய்விட்டது, அதில் என்ன கண்டிருந்ததோ.

நாங்கள் விழுந்த பள்ளம் பெயர்ப் பட்டியலில் இருந்தது. பதிவகத்தின் பெயர்ப் பட்டியல் கொடுப்பவர் பெயரை மட்டும் வைத்து எழுதியது, வாங்குபவருக்குத் தனிப் பட்டியல் கிடையாது. குத்தகையில் கொடுப்பவர் யார்? நிலக்காரர். குத்தகைக்கு எடுத்தவர் பெயரைத் தேடினால் அந்தப் பட்டியலில் எப்படி வருவார்? இரண்டரை நாளும் அவருடைய பெயர் கொண்ட, நிலம் வைத்திருந்த, சம்பந்தமே இல்லாத கனவான்களைத்தான் புரட்டிக்கொண்டிருந்தோம். 1833க்கு முந்தைய பெயர்ப் பட்டியலில் நிலம் எந்தக் கவுண்டியில் இருக்கிறது என்றும் போடவில்லை. ஆக ஒவ்வொரு பெயருக்கும் ஒரு புத்தகத்தை இறக்கிப் பார்க்க வேண்டும்.

நிலப் பட்டியல் என்று இன்னொன்று உண்டு, கவுண்டி வாரியாக, ஊர்ப் பெயரின் முதல் எழுத்து வாரியாக. முதல் எழுத்து மட்டும்தான், அதற்குள் அகர வரிசை இல்லை, காலவரிசையில் ஓடும். அயர்லாந்தில் ‘பாலி’ என்று தொடங்கும் ஊர்கள் எத்தனை என்று தெரிந்தவர்களுக்கு இதன் வேதனை புரியும். 1830களில் சர்வே வரைபடம் வந்து ஊர்ப் பெயர்களுக்கு ஒரே எழுத்துக்கூட்டல் ஏற்படும் முன்னால் ஒரே ஊரை நாலு விதமாக எழுதியிருப்பார்கள். 1832 முடிவதற்குள் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மெமோரியல்கள் சேர்ந்துவிட்டன, அதில் துழாவ வேண்டும்.

ஒரு நல்ல செய்தி, இதற்கெல்லாம் டப்ளின் போகவே வேண்டாம். புத்தகங்களின் மைக்ரோஃபிலிம் படங்கள் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தன்னார்வலர்கள் வாங்குபவர், சாட்சி எல்லோர் பெயரையும் சேர்த்து ஒரு தனிப் பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறார்கள். முழுமையாகவில்லை, ஆனால் பத்து நிமிஷத்தில் தேடிப் பார்த்துவிடலாம். இது எனக்கு முன்பே தெரியும், கிளம்பும் அவசரத்தில் பார்க்கவில்லை. அதைக் கேட்காதீர்கள்.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் விழுகிறார்கள். 1700களின் பத்திரங்களில் ஒரு நிலத்தை 5 ஷில்லிங்குக்கோ 10 ஷில்லிங்குக்கோ ஒரு வருஷக் குத்தகைக்கு விட்ட மாதிரி ஒன்று இருக்கும். அடடா, எங்கள் ஆள் ஒரு வருஷத்துக்குக் குத்தகை எடுத்திருக்கிறார் என்று குதிக்க வேண்டாம். மறுநாள் தேதியில் இன்னொரு பத்திரம் இருக்கும், அதில் மிச்ச உரிமை முழுவதையும் விட்டுக் கொடுத்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு கிரயம். சட்டத்தின் ஒரு நிபந்தனையைச் சுற்றிப் போக வக்கீல்கள் கண்டுபிடித்த வழி அது, 1840கள் வரை ஓடியது. தேதியிலும் கவனம் வேண்டும்: 1752க்கு முன்னால் அங்கே வருஷம் மார்ச் 25இல் பிறந்தது, அதனால் 1720 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் அது நம் கணக்குக்கு 1721 பிப்ரவரி.

அடுத்தது எஸ்டேட் ஆவணங்கள். என் மனசு இந்தப் பக்கம்தான் சாய்கிறது என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

நிலப்பிரபு வீட்டில், அல்லது அவருடைய காரியஸ்தர் அலுவலகத்தில், என்னவெல்லாம் சேருமோ அத்தனையும் இதில் வரும். குத்தகைப் பத்திரத்தை இரண்டாக எழுதி ஒன்றைக் குத்தகைதாரர் வைத்துக்கொள்வார், மற்றது எஸ்டேட்டுக்கு. குடியானவர் வீட்டுப் பிரதி கூரை ஒழுகியும் எலி கடித்தும் போய்விட்டது, எஸ்டேட் பிரதிதான் இன்றைக்கு மிஞ்சியிருக்கிறது. அதோடு வாடகைப் பேரேடு, நிலுவைக் கணக்கு, வரைபடம், காரியஸ்தர் எழுதிய கடிதங்கள். பேரேட்டில் சின்ன ஆள், பெரிய ஆள் என்ற பேதம் இல்லை, வாடகை கொடுக்கிறவர் பெயர் இருந்தே தீரும். நாங்கள் பார்த்த பக்கத்தில் இடது ஓரம் ஊர், அப்புறம் பெயர், ஏக்கர்-ரூட்-பெர்ச் என்று பரப்பு, அரை வருஷ வாடகை, பழைய பாக்கி, வசூல், கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். அந்தக் குறிப்புக் கட்டம் ஒரு பொக்கிஷம். ‘கைம்பெண், இளகிக் கேட்கவும்’, ‘மகன் அமெரிக்கா போய்விட்டான்’, ‘வெளியேற்ற நோட்டீஸ் கொடுத்தாயிற்று’ என்று ஒவ்வொரு வரியிலும் ஒரு குடும்பத்தின் கதை.

குத்தகையின் வகைகளை இங்கே கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பார்ப்பது என்னவென்று புரியாது. வருஷக் கணக்குக் குத்தகை எளிது: 21, 31, 61, 999. ஆர்தர் கின்னஸ் 1759 டிசம்பர் 31 அன்று டப்ளின் பீர் ஆலைக்கு எடுத்தது 9000 வருஷக் குத்தகை, வருஷத்துக்கு 45 பவுண்டு. இந்த வகையின் உச்சம் அது.

ஆனால் எஸ்டேட்களில் ரொம்ப ருசியானது ‘உயிர்க் குத்தகை’. மூன்று பேர் பெயரைப் பத்திரத்தில் எழுதுவார்கள், அந்த மூவரில் கடைசி ஆள் சாகிற வரை குத்தகை செல்லும். குத்தகைதாரர் பெரும்பாலும் தன் பெயர், மனைவி பெயர், திடமான ஒரு குழந்தையின் பெயர் என்று போடுவார். வயதும் உறவும் சேர்த்து எழுதுவது வழக்கம், ‘இரண்டாம் மகன், வயது ஏழு அல்லது அதை ஒட்டி’ என்கிற மாதிரி. கத்தோலிக்கக் கோவில் பதிவேடுகள் பல ஊர்களில் 1820க்கு முன் இல்லை, அப்படிப்பட்ட நாட்டில் குத்தகைப் பத்திரத்தில் ஒரு குழந்தையின் வயது கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்! சிலர் தன் பிள்ளையை விட்டுவிட்டு ராஜகுமாரர்கள் பெயரை எழுதினார்கள். அவர்கள் நல்ல சாப்பாடு சாப்பிடுகிறவர்கள், செத்தால் செய்தித்தாளில் வரும், இருக்கிறாரா இல்லையா என்று தகராறு வராது. கெட்டிக்காரத்தனம்தான். உயிர் ஒன்று விழும்போதெல்லாம் ஒரு தொகை கட்டிப் புதுப் பெயரைச் சேர்த்துக்கொண்டே போகிற ‘என்றென்றும் புதுப்பிக்கும்’ வகையும் உண்டு, 1849இல் ஒரு சட்டம் போட்டு அவற்றை நிரந்தர உரிமையாக மாற்ற வழி செய்தார்கள்.

உயிர்க் குத்தகைக்கு இன்னொரு மதிப்பும் இருந்தது. சட்டப்படி அது சொந்த நிலத்துக்குச் சமம், வாடகை போக வருஷம் 40 ஷில்லிங் மிஞ்சினால் ஓட்டு உண்டு. 1793இல் கத்தோலிக்கருக்கும் ஓட்டு கிடைத்ததும் சில நிலப்பிரபுக்கள் தங்களுக்கு ஓட்டுப் போட ஆள் சேர்க்க உயிர்க் குத்தகைகளை வாரி வழங்கினார்கள். 1829இல் தகுதியை 10 பவுண்டாக உயர்த்தியதும் அந்தத் தாராளம் நின்றுவிட்டது. உங்கள் ஆளுக்கு 1790களில் திடீரென்று ஒரு பத்திரம் முளைத்தால் நிலப்பிரபுவின் பாசத்தைத் தேடாதீர்கள், தேர்தலைத் தேடுங்கள்.

கணக்கில் இரண்டு எச்சரிக்கை. பழைய பத்திரத்து ஐரிஷ் ஏக்கர் இன்றைய ஏக்கரைப் போல ஏறக்குறைய 1.62 மடங்கு. 1826க்கு முன் ஐரிஷ் பணமும் வேறு, 13 ஐரிஷ் பவுண்டு 12 பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சமம். இதைக் கவனிக்காமல் ‘நிலம் சுருங்கிவிட்டது, வாடகையைக் குறைத்துவிட்டார்கள்’ என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, எஸ்டேட் ஆவணங்களின் குறை என்ன? இரண்டு. ஒன்று, எங்கே இருக்கின்றன என்பது. டெவன்ஷயர் பிரபுவின் லிஸ்மோர் ஆவணங்கள், கால்வேயின் கிளான்ப்ராக், மேயோவின் வெஸ்ட்போர்ட் இவற்றின் பெரும்பகுதி டப்ளின் தேசிய நூலகத்தில் உள்ளன. டவுன்ஷயர், அபர்கார்ன் போன்ற வடபகுதி எஸ்டேட்கள் பெல்ஃபாஸ்ட்டில் இருக்கும் பிரோனி ஆவணக் காப்பகத்தில். நிலப்பிரபு இங்கிலாந்தில் குடியிருந்தால் காகிதமும் அங்கேயே தங்கிவிட்டது: விக்லோவில் நிலம் வைத்திருந்த ஃபிட்ஸ்வில்லியம் குடும்பத்து ஆவணங்களில் ஒரு பகுதிக்கு ஷெஃபீல்டுக்கும், கிளேர் கவுண்டியில் நிலம் வைத்திருந்த லெக்கன்ஃபீல்ட் பிரபுவினுடையதுக்கு சசெக்ஸுக்கும் போக வேண்டும். இன்னும் சில எஸ்டேட்டுகளுக்கு ஒன்றுமே இல்லை. 1920க்கும் 1923க்கும் இடையில் இருநூறுக்கும் மேற்பட்ட மாளிகைகள் எரிந்தன. இரண்டாவது குறை, எதற்கும் ஆள் பெயர்ப் பட்டியல் இருக்காது. எஸ்டேட் பெயர் தெரியாமல் கால் வைத்தால் கடலில் ஊசி தேடுகிற கதை.

அந்த எஸ்டேட் பெயரைக் கொடுப்பது கிரிஃபித் மதிப்பீடு. 1847 முதல் 1864 வரை வரி போடுவதற்காக நாடு முழுவதும் எடுத்த கணக்கு. இதில் பத்திரம் எதுவும் கிடையாது, ஆனால் ஒவ்வொரு நிலத்துக்கும் அனுபவிப்பவர் பெயரும், பக்கத்துக் கட்டத்தில் அவருக்கு நேர் மேலே இருந்து நிலத்தை விட்டவர் பெயரும் இருக்கும். ஆஸ்க் அபௌட் அயர்லாந்து தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், வரைபடமும் உண்டு. நேர் மேலே இருப்பவர் பிரபு இல்லாமல் அதே ஊரில் பெரிய பண்ணை வைத்திருக்கும் ஒருவராக இருந்தால் அவர் இடைத்தரகர். அவருடைய சொந்த வரியைப் பார்த்து அவருக்கு மேலே யார் என்று ஏறுங்கள். மேற்கே கனாட், தெற்கே மன்ஸ்டர் மாகாணம் என்றால் கால்வே பல்கலைக்கழகத்தின் எஸ்டேட் தரவுத்தளத்தில் அந்தக் குடும்பத்தின் ஆவணங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளலாம். இது வீட்டில் டீ குடித்துக்கொண்டே செய்கிற ஒரு மணி நேர வேலை. நாங்கள் செய்யாமல் கிளம்பிய வேலையும் இதுதான்.

மூன்றாவது, கடனில் மூழ்கிய எஸ்டேட்களை ஏலம் விட 1849இல் தொடங்கிய நீதிமன்றத்தின் விற்பனை அறிக்கைகள். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் வாடகை வரவில்லை, வரி ஏறியது, ஏற்கெனவே அடமானத்தில் இருந்த பிரபுக்கள் கவிழ்ந்தார்கள். கால்வே கவுண்டியின் கனமராவில் மார்ட்டின் குடும்பத்தின் ஏறக்குறைய 2 லட்சம் ஏக்கர் இப்படிப் போய் ஒரு லண்டன் காப்பீட்டு நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஏலத்துக்கு முன் அச்சடித்த அறிக்கையில் குத்தகைதாரர்கள் பெயர், வாடகை, குத்தகையின் விவரம், உயிர்க் குத்தகை என்றால் அந்த உயிர்களில் யார் இன்னும் இருக்கிறார் என்பதுகூட இருக்கும், வண்ண வரைபடமும் சேர்ந்தே வரும். வாங்குபவருக்காக எழுதியது, அதனால் சுருக்கமாக, தெளிவாக இருக்கிறது. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் குத்தகைதாரர் பெயரிலேயே தேடலாம், சந்தா கட்ட வேண்டும். உங்கள் எஸ்டேட் ஏலத்துக்குப் போயிருந்தால் இதைவிட மலிவான வழி இல்லை. போகவில்லை என்றால் ஒன்றுமில்லை, இடைநிலை கிடையாது.

நாலாவது லேண்ட் கமிஷன், அதாவது அரசாங்கத்தின் நில ஆணையம். 1881இல் வந்தது, அப்புறம் 1903 விண்டம் சட்டத்தின் கீழ் குடியானவர்கள் அரசாங்கக் கடனில் நிலத்தை வாங்கினார்கள், 68½ வருஷத் தவணை. விற்பவர் உரிமையை நிரூபிக்கக் கொடுத்த பழைய பத்திரங்கள் அத்தனையும் அதில் சேர்ந்திருக்கின்றன, மூச்சு முட்டும் அளவுக்கு. ஆனால் தெற்குப் பகுதிக்கானவை போர்ட்லீஷில் ஒரு கிடங்கில் இருக்கின்றன, ஆராய்ச்சிக்கு என்று போய் எடுத்துப் பார்க்க முடியாது, அந்த நிலத்தில் உரிமை உள்ளவர்களுக்குத்தான் வழி. இன்றைய வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளுக்கானவை பிரோனியில் திறந்திருக்கின்றன. குடும்பம் இன்னும் அதே நிலத்தில் இருக்கிறது என்றால் அவர்களைக் கடிதம் எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இதை மறந்துவிடுங்கள்.

ஆக என் வரிசை இது. யாராக இருந்தாலும் முதலில் கிரிஃபித். சின்னக் குடியானவர் என்றால் அடுத்து எஸ்டேட் பேரேடு, கூடவே ஏல அறிக்கையில் ஒரு பார்வை. பத்திரம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். 1870 வாக்கில்கூட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பண்ணைக்குத்தான் எழுத்துக் குத்தகை இருந்தது, மீதியெல்லாம் வருஷா வருஷம் ஓடிய வாய்ப் பேச்சு. உங்கள் ஆள் வியாபாரி, ஆலைக்காரர், நகரத்து வீட்டுக்காரர், புராட்டஸ்டண்ட் பெரிய விவசாயி என்றால் நேராகப் பதிவகம், அவருக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் வேறில்லை. 1922இல் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் பொது ஆவணக் காப்பகம் எரிந்து உயில்களும் மற்றதும் சாம்பலானபோது ஹென்ரியட்டா தெரு தப்பித்துக்கொண்டது. சின்ன ஆள் விஷயத்திலும் பதிவகம் உதவும், ஆனால் கடைசியில், அதுவும் அவர் பெயரில் இல்லை, அவருக்கு மேலே இருந்தவர் பெயரில்.

எங்கள் நண்பர் விஷயத்தில் அப்படித்தான் முடிந்தது. பேரேட்டில் அவருடைய ஆள் 1831 மே மாதக் கணக்கில்தான் முதல்முறை வருகிறார், அதற்கு முன்பு அந்த ஊர் முழுவதும் ஒரே இடைத்தரகர் பெயரில் ஒற்றை வரியாக இருந்தது. ஒரே தவணையில் ஒரு பெயர் போய் எட்டுப் பெயர் எப்படி வந்தன என்று புரியவில்லை. அந்த இரவு வீட்டில் உட்கார்ந்து எஸ்டேட் பிரபுவின் பெயரை, கொடுப்பவராக, பதிவகப் பட்டியலில் தேடினேன். இடைத்தரகருக்குக் கொடுத்த உயிர்க் குத்தகை மெமோரியல் இருந்தது. மூன்று உயிர்: இடைத்தரகர், அவருடைய தம்பி, மூன்றாவது வேல்ஸ் இளவரசர் ஜார்ஜ். இளவரசர் பின்னால் நாலாம் ஜார்ஜ் ஆகி, மற்ற இருவருக்கும் பிறகும் இருந்து, 1830 ஜூன் 26 அன்று விண்ட்சரில் கண்ணை மூடினார். அன்றோடு ரோஸ்காமனில் ஒரு குத்தகை முடிந்தது, அடுத்த தவணைக்கு எஸ்டேட் எட்டுக் குடியானவர்களிடம் நேராகக் கணக்கு எழுத ஆரம்பித்தது.

நண்பரிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “எங்கள் ஆள் பக்கத்தில் குறிப்பு என்ன போட்டிருந்தது?” என்று கேட்டார். எடுத்த படத்தைத் திறந்து பார்த்துச் சொன்னேன்: குத்தகை இல்லை, அரை வருஷம் பாக்கி.